ஐந்து தோட்டா மரியாதை

நெடுந்தாங்கல் ஏரியில் சுடப்படும் பறவை சாவதில்லை. அன்று மதியம் சுட்டவர் வீட்டுக்குச் சாப்பிட வரும். துப்பாக்கி ரவை பட்டால் அழைப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். பட்ட ரவையை அலகில் கவ்வி வந்து வாசற்படியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழையும். குறி தப்பினால் அழைப்பும் தப்பியது, அவ்வளவுதான். கார்த்திகையில் வடக்கேயிருந்து பறவைகள் வந்து இறங்கியதும் ஊரில் எல்லோரும் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவார்கள், கையோடு அப்பளமும் காயவைப்பார்கள். நாமக்கோழிகளை மட்டும் யாரும் சுடுவதில்லை. அவை கூப்பிடாமலே வந்து முதல் இலையில் உட்காருகிற ரகம்.

ஆகவே ஊருக்குள் புதுத் துப்பாக்கி வருகிறதென்றால் சின்ன விஷயமில்லை. கண்ட துப்பாக்கியாலும் கூப்பிட்டு வைத்தால் விருந்தாளி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வரும். அதைச் சமாதானம் செய்வதற்குள் மாசி பிறந்துவிடும். அதனால் எந்தத் துப்பாக்கியும் முதலில் தணிகாசலத்தின் தோளுக்குத்தான் வர வேண்டும் என்று ஏரிச் சங்கத்தில் தீர்மானம். பதினேழு வருஷமாக அவர்தான் சோதகர். இரண்டு காலை சுட்டுப் பார்ப்பார், இரண்டு மதியம் பரிமாறிப் பார்ப்பார், அப்புறம் படிவத்தை நிரப்புவார். எடை, தோள், ஈரம், குரல் என்று அதில் நான்கு கட்டங்கள். துப்பாக்கி எந்தத் தொனியில் கூப்பிடுகிறது என்பதைக் குரல் என்ற கட்டத்தில் எழுத வேண்டும். ‘அதட்டல்’ என்று எழுதி அவர் திருப்பி அனுப்பிய துப்பாக்கிகள் ஏழு. துப்பாக்கி கொண்டுவந்தவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே அப்படி எழுதுவார். அவ்வளவு நேர்மை.

அந்த நேர்மைதான் அவர் வீட்டிலேயே ஒரு காரியத்தைக் கெடுத்தது. அவர் மனைவி பூங்காவனத்துக்கு ஒரு சிநேகிதி உண்டு. வரித்தலை வாத்து. இமயமலைக்கு மேலாகப் பறந்து வருகிற இனம், வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் ஓடும். பூங்காவனம் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தை மாதம் முழுக்க அக்கா சமையலறை மேடையில் உட்கார்ந்து, கீரை ஆய்ந்து கொடுத்தபடி, மலைக்கு அந்தப் பக்கத்துச் சமாசாரமெல்லாம் சொல்வாள். நான்கு வருஷத்துக்கு முன் தணிகாசலம் கிளுவை என்கிற சின்ன வாத்து ஒன்றைக் குறிவைத்துச் சுட்டார். ஒரே ஒரு ரவை விலகிப்போய் அக்கா மேல் பட்டது. மதியம் கிளுவையும் வந்தது, அக்காவும் வந்தாள். இலை போட்டாயிற்று.

“இந்த வருசம் மொத ஆளா என்னைக் கூப்டுட்டீங்களே தம்பி” என்றாள் அக்கா.

அங்கே ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். தணிகாசலம் நகரவில்லை. “இல்லக்கா, கிளுவையத்தான் கூப்டேன். வந்தது வந்துட்டீங்க, ஒக்காந்து சாப்புடுங்க” என்றார்.

அக்கா சோற்றில் அலகு வைக்காமல் எழுந்து போனாள். அதற்கப்புறம் ஒவ்வொரு தையிலும் அவர் அவளைத் தனியாகக் குறிபார்த்துச் சுட்டார். ரவையும் சரியாகத்தான் பட்டது. அவள் ஒரு இறகைச் சிலுப்பிவிட்டு அப்படியே பறந்து போனாள். “பேச்சுக்குக் கூப்டுறாரு” என்று கிளுவைகளிடம் சொன்னதாகக் கேள்வி. ஊரில் இருந்த துப்பாக்கிகளெல்லாம் ஒற்றைக்குழல். ஒருமுறை சுட்டுவிட்டுக் குழலை மடித்து மறு தோட்டா திணிப்பதற்குள் அவள் உத்திரமேரூரைத் தாண்டியிருப்பாள். மறுநாள் சுட்டால் அது மறுநாளைய அழைப்பு, பழைய கணக்கில் சேராது. பூங்காவனம் இதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கீரை ஆயும்போது மேடையில் பாதி இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மூலையில் ஒதுங்கி உட்காருவாள். அதைப் பார்த்துவிட்டால் தணிகாசலம் குடிக்க வந்த தண்ணீரைக்கூடக் கேட்காமல் வாசலுக்குப் போய்விடுவார்.

இப்படியிருக்க, இந்தத் தையில் ஒரு செவ்வாய்க்கிழமை எஸ்தர் ராஜகுமாரி நீளப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். துப்பாக்கிக் கம்பெனியின் தென்மண்டலப் பிரதிநிதி. ஐம்பதை நெருங்கிய பெண்மணி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பெட்டியைத் திறந்து அரைத் தானியங்கித் துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். கறுப்புக் குழல், தேன் நிறக் கட்டை.

“ஒருவாட்டி சுட்டா அந்த வேகத்துலயே பழைய தோட்டாவத் தள்ளிட்டு அடுத்ததை அதுவே ஏத்திக்கும் சார். நீங்க விசையை மட்டும் இழுத்துட்டே இருக்கலாம். மொத்தம் அஞ்சு.”

“அஞ்சு பேருக்குக் கொழம்பு கூட்டணும்னு சொல்லுங்க” என்றாள் பூங்காவனம் உள்ளேயிருந்து.

மறுநாள் விடிந்ததும் தணிகாசலமும் எஸ்தர் ராஜகுமாரியும் கோரைப் புதருக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். துப்பாக்கியைத் தணிகாசலம் ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிப் பார்த்தார். எடை குழல் பக்கம் சாயவில்லை. சேற்றில் முக்கி எடுத்தார். உதறிவிட்டு விசையைத் தொட்டால் ஒன்றும் நடக்காததுபோல் வேலை செய்தது. கை ஈரத்திலும் பூட்டு வழுக்கவில்லை. இதெல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது, ஆனால் முகத்தில் காட்டவில்லை. சோதகர் முகத்தில் எதையும் காட்டக் கூடாது.

ஒரு கூட்டம் தாழ்வாக வந்தது. தணிகாசலம் ஐந்து முறை விசையை இழுத்தார். ஒற்றைக்குழல் தோளில் இடிக்கும், இது தோளைத் தட்டிக் கொடுத்தது. காலித் தோட்டாக்கள் வலப்பக்கமாகப் பறந்து எஸ்தர் ராஜகுமாரியின் தொப்பியில் விழுந்தன. அவர் அவற்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு ஊசிவால் வாத்து, ஒரு தட்டைவாயன், இரண்டு கிளுவை, ஒரு முக்குளிப்பான் என்று ஐந்து பேரும் ஒரே மூச்சில் அழைக்கப்பட்டுவிட்டார்கள்.

வினை மதியம் வந்தது. ஐந்து பேரும் ரவையை வாசற்படியில் வைத்தார்கள். உள்ளே வந்தார்கள். உட்காரவில்லை.

“மொதல்ல யாரக் கூப்டீங்க?” என்று ஊசிவால் வாத்து கேட்டது. அதன் கழுத்து நீளம், கேள்வியும் உயரத்திலிருந்து வந்தது.

தணிகாசலம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். “தெரியலீங்க. எல்லாம் ஒண்ணாத்தான் போச்சு.”

“ஒண்ணாப் போறதுக்கு நாங்க என்ன பஸ்ஸுக்கா நிக்கிறோம்?” என்றது தட்டைவாயன்.

பூங்காவனம் முதல் இலை, கடைசி இலை என்று இல்லாதபடி கூடத்தில் வட்டமாக இலை போட்டாள். உட்கார்ந்தார்கள். அடுத்து உப்பை யார் இலையில் முதலில் வைப்பது என்று வந்தது. தணிகாசலம், பூங்காவனம், எஸ்தர் ராஜகுமாரி மூவரும் ஒரே நேரத்தில் குனிந்து இரண்டு கையாலும் வைத்தார்கள். கை ஆறு, இலை ஐந்து, மிஞ்சிய உப்பை வாங்கிக்கொள்ள ஒரு நாமக்கோழி தயாராக வந்து உட்கார்ந்திருந்தது. அது ஒன்றுதான் வயிறாரச் சாப்பிட்டது. மற்றவர்கள் மொச்சைக்கொட்டைக் குழம்பைக் கிளறிவிட்டு, படிவத்தின் அடியில் விருந்தினர் கையொப்பத்துக்கான இடத்தில் ‘சுமார்’ என்று எழுதிக் கால் பதித்துவிட்டுப் போனார்கள். கிளுவை இரண்டும் அக்கா தங்கைகள், வந்தபோது ஒன்றாக வந்தவை போகும்போது தனித்தனியாகப் போயின.

சாயங்காலம் தணிகாசலம் படிவத்தை எடுத்தார். எடை, நன்று. தோள், மிக நன்று. ஈரம், குறையில்லை. குரல் கட்டத்தில், ‘கும்பலைக் கூப்பிடுகிறது’ என்று பென்சிலால் எழுதினார். அப்படி எழுதினால் துப்பாக்கி தேறாது, மறுநாள் பத்து மணி பஸ்ஸில் திரும்பிப் போய்விடும். எஸ்தர் ராஜகுமாரி எட்டிப் பார்த்துவிட்டு, “நாளைக்கு ஒரு காலை பாக்கி இருக்குல்ல சார்” என்று மட்டும் சொன்னார். இந்தத் துப்பாக்கியோடு அவர் ஏற்கெனவே நான்கு ஏரிகள் சுற்றிவிட்டார்.

பூங்காவனம் மேடையின் மூலையில் உட்கார்ந்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஏங்க” என்றாள். “அஞ்சு பேரை ஆளுக்கு ஒருவாட்டி கூப்டீங்க. ஒருத்தரையே அஞ்சு வாட்டி கூப்டா என்னவாம்?”

தணிகாசலம் பென்சிலைக் கீழே வைத்தார்.

“நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு எங்க சித்தப்பா எத்தினி வாட்டி கூப்டதுக்கப்புறம் வந்தாரு?”

“மூணு வாட்டி.”

“அதுல ரெண்டு வாட்டி நீங்க வாசல்ல நின்னுட்டே கூப்டீங்க” என்று சொல்லிவிட்டு அவள் கீரைக் காம்பைக் கிள்ளினாள்.

நான்கு வருஷத்தில் அவள் இந்தப் பேச்சை எடுத்தது அன்றுதான். தணிகாசலத்துக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது.

மறுநாள் காலை பூங்காவனமும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தாழ்வாகப் போன தட்டைவாயன்களைத் தணிகாசலம் விட்டுவிட்டார். ஊசிவால் வாத்துகள் தலைக்கு நேராக இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தன. அவற்றையும் விட்டுவிட்டார். எட்டு மணி வாக்கில் வரித்தலை வாத்துகள் வந்தன. வெகு உயரம். வரிசையில் மூன்றாவதாக அக்கா.

முதல் குண்டு பட்டது. அவள் இறகைச் சிலுப்பினாள். குழலை மடிக்கும் பழக்கத்தில் அவர் கை தானாகக் கீழே போயிற்று. “இழுங்க சார், இழுங்க” என்றார் எஸ்தர் ராஜகுமாரி. இரண்டாவது குண்டும் பட்டது. அவள் தலையை மட்டும் திருப்பினாள், வரிசையை விடவில்லை. பூங்காவனம் தணிகாசலத்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்தால் குறி கெடும் என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. மூன்றாவது முறை விசையை இழுத்தார்.

அக்கா வரிசையிலிருந்து விலகி, ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஊர்ப் பக்கம் இறங்கினாள்.

அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது வாசற்படியில் மூன்று ரவைகள் வரிசையாக இருந்தன. அக்கா உள்ளே வரவில்லை, படிக்கு வெளியே நின்றிருந்தாள். தணிகாசலம் ஈர வேட்டியோடு படியிறங்கி அவளருகில் போய் நின்றார்.

“உங்களத்தான்க்கா கூப்டேன். வேற யாரையும் இல்ல. அன்னிக்கு நான் பேசினது தப்பு.”

“மொதத் தடவ வேற யாரையோன்னு நெனச்சேன்” என்றாள் அக்கா. “ரெண்டாந் தடவ ஊருக்காகக் கூப்டுறீங்கன்னு நெனச்சேன். மூணாந் தடவதான் என்னைக் கூப்டுற மாதிரி இருந்துச்சு தம்பி.”

அப்புறம் பூங்காவனத்தைப் பார்த்து, “ஏண்டி இப்பிடி எளைச்சுப் போய்ட்ட?” என்றாள். பூங்காவனம் அழுதாள். அழுதுகொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்குக் கீரைக் கடைசல், மிளகு ரசம், கொத்தவரை வற்றல். அக்கா மேடையில் தன் பாதியில் உட்கார்ந்து சாப்பிட்டாள், ரசத்தை மூன்று முறை கேட்டு வாங்கினாள். நான்கு வருஷத்துச் சமாசாரம் பேசி முடிக்க மூன்று மணி ஆயிற்று. பத்து மணி பஸ் எப்போதோ போயிருந்தது, எஸ்தர் ராஜகுமாரி அதைப் பற்றிக் கவலைப்படாமல் நாமக்கோழிக்கு வற்றல் போட்டுக்கொண்டிருந்தார். தணிகாசலம் ரப்பரை எடுத்து, பென்சில் எழுத்தை அழித்து, ‘அன்பாகவும் விடாமலும் கூப்பிடுகிறது’ என்று பேனாவால் எழுதினார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் எந்தக் கட்டத்தையும் நிரப்பியதில்லை.

அக்கா கை கழுவிவிட்டு வந்து, “அதக் கொஞ்சம் குடுங்க, பாப்போம்” என்றாள்.

எஸ்தர் ராஜகுமாரி துப்பாக்கியைத் துடைத்து, ஐந்து தோட்டாக்களையும் நிரப்பிக் கொடுத்தார். அக்கா அதை இடது இறக்கையில் வாங்கி எடை பார்த்தாள். கட்டையைத் தோளில் பொருத்தினாள். சரியாகப் பொருந்தியது.

“இத்தினி வருசமா நானே வந்து சாப்புட்டுட்டுப் போறேன். பதிலுக்கு ஒருவாட்டியாவது முறையாக் கூப்பிட வேணாமா?” என்றாள்.

முற்றத்துக்கு வந்து பூங்காவனத்தை மூன்று முறை சுட்டாள். பூங்காவனம் மூன்று ரவைகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு, கொடியில் காய்ந்த சேலைக்கு மேலாக எழும்பி, வீட்டுக் கூரையைத் தாண்டி அந்தரத்தில் நின்றாள். “அடுப்புக் கேஸை மூடிடுங்க” என்று மேலேயிருந்து சொன்னாள். தணிகாசலம் உள்ளே போய் மூடிவிட்டு வந்தார். அக்கா அவரை ஒருமுறைதான் சுட்டாள். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எழும்பும்போதே படிவத்தைத் தொடையில் வைத்து ‘தேறியது’ என்று கையெழுத்திட்டு, ‘இறக்கையாலும் கையாளலாம்’ என்று கீழே ஒரு குறிப்பும் எழுதி, கம்பெனிப் பிரதியைக் கிழித்துக் கீழே விட்டார். வீட்டுச் சாவியையும் போட்டார். எஸ்தர் ராஜகுமாரி இரண்டையும் தொப்பியில் பிடித்துக்கொண்டார்.

துப்பாக்கியில் ஒரு தோட்டா மிச்சம் இருந்தது. இத்தனை பேரைக் கூப்பிட்டுவிட்டு ஒருத்தரை மட்டும் விட்டுவிட்டால் நன்றாக இருக்காது என்று அக்கா வாசலுக்குப் போய் அந்தத் தோட்டாவால் ஏரியையே சுட்டாள். துப்பாக்கியை எஸ்தர் ராஜகுமாரியிடம் கொடுத்துவிட்டு அவளும் மேலே ஏறினாள்.

மூவரும் வடக்கே திரும்பினார்கள். காஞ்சிபுரம் தாண்டும்போது தணிகாசலம் பின்னால் பார்த்தார். நெடுந்தாங்கல் ஏரி கோரைப் புதர்களோடு எழும்பி, ஓரங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மீன்கள் சிந்தாதபடி மெதுவாக வந்துகொண்டிருந்தது. அது கனத்த உடம்பு, கூடவே வர முடியாது. அதற்காக அவர்கள் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.