மனப்பாடத்தில் இல்லாத என்ஜாய்

திருமங்கலத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் என்ஜாய் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு. 'ஐ என்ஜாய் ரீடிங் புக்ஸ்.' புத்தகத்தைத் தலைக்கு வைத்துக்கூடப் படுக்காதவர்களும் அதைத்தான் ஒப்பிப்பார்கள். ரோகிணியும் கண்ணாடி முன்னால் நின்று இருபது நாள் ஒப்பித்தாள். நாலு இன்டர்வியூவில் கோட்டைவிட்டாயிற்று; இதுவும் போனால் பஞ்சு மில் பஸ்ஸில் ஏறவேண்டியதுதான். அம்மா முனீஸ்வரி அங்கே சொல்லியும் வைத்துவிட்டாள்.

மதுரை அவனியாபுரத்தில், விமான நிலையம் போகும் சாலையில் புதிதாகத் திறந்த ஹோட்டலின் வரவேற்பறைக்கு ஆள் தேவை. மேனேஜர் ஹெப்சிபா கேட்டார், "வாட் டூ யூ என்ஜாய்?"

ரோகிணி மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

மேனேஜர் பேனாவை மூடினார். "காலையிலருந்து நீ ஏழாவது ஆளும்மா. எல்லாரும் புக்ஸ்தான். கடைசியா எந்த புக் படிச்ச?"

ரோகிணிக்குப் புரிந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு. இனிப் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"எதுவும் படிக்கல மேடம். கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்க."

"சரி, தமிழ்லயே சொல்லு. உனக்கு எதுல சந்தோஷம்?"

இருபத்து மூன்று வயதுவரை அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அவள் வீட்டுப் பேச்சில் என்ஜாய் பண்ணுகிறவர்களெல்லாம் அடுத்த வீட்டுக்காரர்கள்தான்.

"பெரியார் பஸ் ஸ்டாண்டுல வெளியூர்க்காரவங்க வழி தெரியாம முழிச்சா, நானே போய்க் கேப்பேன் மேடம். போன வாரம் ஒரு வடநாட்டுக் குடும்பம் அழகர்கோவிலுக்குப் போகணும்னு நின்னுச்சு. பஸ்ஸுல ஏத்தி, கண்டக்டர்ட்ட சொல்லி, எங்க சாப்புடணும், கொரங்குகிட்டருந்து எதை மறைக்கணும், எல்லாம் சொன்னேன். ஹிந்தி தெரியாது, கையாலயேதான். அவங்க சிரிச்சுக்கிட்டே டாட்டா காட்டுனாங்க பாருங்க, என் பஸ்ஸு போனதுகூடத் தெரியல. எனக்கு அம்புட்டு சந்தோஷம்!"

சொல்லச் சொல்ல இரண்டு கைகளும் தாமாக ஆடின. ஹெப்சிபா சிரித்துவிட்டார்.

"இத்தன நேரம் இதை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்த? திங்கக்கெழம வந்துரு. இங்க நாள் முழுக்க உனக்கு இதே வேலதான்."

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டாள். சந்தோஷத்தில் வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. முனீஸ்வரி எட்டு வயதில் களையெடுக்கப் போனவள். முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"புடிச்சதச் செய்யச் சொல்லி," என்றாள் கடைசியில், "சம்பளமுமாடி குடுக்குறாங்க?"