மொத்தமாகவா, பட்டியலாகவா?

லோர்னாவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அரசாங்கத்தின் மேல் பாசம் வந்தது. வருமான வரிக் கணக்கு எழுதித் தரும் மிஸஸ் கோவாக் சொன்ன செய்தி அப்படி. புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகக் கணக்குக் காட்டும்போது, ஒருவர் செலவுகளைப் பட்டியல் போட்டுக் கழித்தால் மற்றவரும் பட்டியல்தான் போட வேண்டுமாம். எதையும் கேட்காமல் எல்லோருக்கும் மொத்தமாகத் தரும் வரிக்கழிவு அந்த மற்றவருக்குக் கிடையாதாம்.

லோர்னாவிடம் வீட்டுக்கடன் வட்டி, சர்ச் காணிக்கை என்று பட்டியல் நீளமாகவே இருந்தது. செப்டம்பரில் அவள் துரத்திவிட்ட புருஷன் வெர்லினிடம் என்ன இருக்கிறது? டொலிடோவில் அண்ணன் வீட்டு நிலவறையில் ஓசியில் கிடக்கிறான். அவள் பட்டியல் போட்டால் அவளுக்கு ஐந்நூறு டாலர் மிச்சம், அவனுக்கு ஆயிரத்தைந்நூறு தண்டம். மிச்சத்தைவிடத் தண்டம்தான் அவளுக்கு இனித்தது.

விஷயம் காதுக்கு எட்டியதும், ஞாயிற்றுக்கிழமை டோனட் பெட்டியோடு வெர்லின் சமையலறையில் வந்து நின்றான்.

“பட்டியல் போடாதே தாயே. சேர்ந்தே கணக்குக் காட்டுவோம். நானும் வீட்டுக்கே வந்துடறேன். பண்ணினதெல்லாம் தப்புதான், மொத்தமா மன்னிச்சிடு.”

“மொத்தமாவா? அந்தக் கதையே இங்க வேண்டாம். ஒண்ணொண்ணா சொல்லு.”

வெர்லின் டோனட் பெட்டியை மேசைமேல் வைத்தான். “கூரை மாத்த வச்சிருந்த பணத்துல படகு வாங்கினேன்.”

“ம்.”

“உனக்குப் பித்தப்பை ஆபரேஷன் அன்னிக்கு ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிட்டேன்.”

“எத்தனை மீன்?”

“ரெண்டு.”

“ரெண்டே ரெண்டு மீனுக்கா என்னைத் தனியா விட்டுட்டுப் போனே!”

திட்டும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய் சொல்வானேன், இந்தக் குளிர்காலம் முழுக்க சண்டை போடக்கூட ஆளில்லாமல் அவள் தவித்துப்போயிருந்தாள். சேர்ந்து கணக்குக் காட்டும் படிவத்தையும் மிஸஸ் கோவாக்கிடம் சத்தமில்லாமல் வாங்கி வைத்திருந்தாள். எழுந்துபோய் அதை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

படிவத்தைப் பார்த்ததும் வெர்லினுக்குத் தைரியம் வந்தது. இனி ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று மனம் நெகிழ்ந்து முடிவு செய்தான்.

“அப்புறம் அந்த சாண்டஸ்கி மோட்டல்ல ஒருத்தியோட தங்கின விஷயம். மூணே தடவைதான் லோர்னா, சத்தியமா.”

“எந்த மோட்டல்?”

“அதுக்குத்தானே நீ என்னைத் துரத்தினே?”

அவள் துரத்தியது படகுக்காக. மோட்டல் கதை அவளுக்கு இப்போதுதான் தெரியும். படிவத்தை நான்காக மடித்துக் குப்பையில் போட்டாள்.

“மோட்டல் ரசீது மூணும் இருக்கா?” என்றாள். “இருந்தா பத்திரமா வை. பட்டியல் போட உங்கிட்டயும் ஏதாவது வேணுமே.”