நின்றுகொண்டே பேசிய திங்கட்கிழமைகள்

திங்கட்கிழமை காலை என்றால் இப்போதும் அவள் மூக்கில் கிரீஸ் வாசனை ஏறும். இத்தனைக்கும் அவள் உட்கார்ந்திருப்பது தலைமை அலுவலகத்தின் மேல்மாடியில். அங்கே கம்பள வாசனையைத் தவிர வேறொன்றும் கிடையாது. கணினித் திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் தெரியும். யாரோ ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அவளும் ஆட்டுவாள். மனசு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் பழைய கிளைக்குக் கிளம்பிவிடும்.

லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியின் கிளை அது. தரைத்தளத்தில் ஸ்டோர், அதன் வாசலில் போன் மேசை, மாடியில் ஒரு மீட்டிங் அறை. அவள் அங்கே மேனேஜராக வந்து சேர்ந்தபோது, முன்பிருந்தவர் விட்டுப்போன வழக்கம் ஒன்று மட்டும் அசையாமல் இருந்தது. திங்கட்கிழமை தோறும் எல்லோரும் மாடி அறையில் கூடுவார்கள். போன வாரத்துப் புகார்களை மேனேஜர் ஒவ்வொன்றாக வாசிப்பார். வேலை பார்த்தவர்களுக்கே அவர்கள் பார்த்த வேலையை வாசித்துக் காட்டுவது. கேட்டவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தார்கள்.

அவள் புதுசு. வேகம் இருந்தது. வாசிப்பதற்குப் பதிலாகப் படம் போட்டுக் காட்டினாள். வண்ண வண்ணமாகக் கோடுகள் ஏறின, இறங்கின. மீட்டிங் இன்னும் நீண்டதுதான் மிச்சம்.

மெக்கானிக்குகளில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவருக்கு 'வானொலி' என்று பெயர். திறந்தால் மூட மாட்டார். லிப்டில் தொடங்கி மருமகன் வீட்டுக் குளியலறைக் குழாய் வரை போய்விட்டுத்தான் திரும்புவார். இன்னொருவர் 'முனிவர்'. அவர் வாயைத் திறக்க வேண்டுமென்றால் பல் வலிக்க வேண்டும். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஏதோ ஒரு காலத்தில் ஒருவர் எடுத்துப்போன ஸ்பானரை மற்றவர் தேடி அலைந்ததில் தொடங்கியதாம். ஸ்பானர் கிடைத்துவிட்டது, கோபம்தான் தொலையவில்லை.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவரைப் 'பூட்டு' என்பார்கள். ஒரு போல்ட் வாங்குவதற்குள் அவரிடம் உயிர் போய்விடும். போன் மேசையில் இருந்த பெண்மணிக்கு மட்டும் பட்டப்பெயர் கிடையாது, வைக்க யாருக்கும் தைரியமில்லை. போன்காரம்மா, அவ்வளவுதான். போனை விட்டு நகர முடியாது என்பதால் அவரை மீட்டிங்குக்குக் கூப்பிடுவதே இல்லை. "மேல என்னதான் பேசுறீங்க? இறங்கி வரும்போது எல்லார் மூஞ்சியும் தூங்கி எழுந்த மாதிரி இருக்கே" என்று கேட்பார்.

அப்போதுதான் அந்தக் கண் ஆஸ்பத்திரி விவகாரம் வந்தது.

நாலாவது மாடியில் லிப்ட் கதவு பாதியில் நின்றுவிடுகிறது என்று புகார். ஒவ்வொரு முறையும் ஒருவர் போனார், சரிசெய்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை மீட்டிங்கில் அவளே அதைப் படம் போட்டுக் காட்டினாள், முடிந்த வேலை என்று பச்சை நிறத்தில். அதற்கு மறுநாள், கண்ணில் கட்டோடு இருந்த ஒரு பெரியவர் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டார். கண்ணும் தெரியாமல், கதவும் திறக்காமல், உள்ளேயிருந்து மகள் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் வெளியே வந்த பிறகும் மகளின் கையை அவர் விடவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போன மேனேஜர் அந்தக் கையைத்தான் பார்த்தாள். டாக்டர் திட்டியதெல்லாம் காதில் ஏறவே இல்லை.

திரும்பி வந்தவள் மாடிக்குப் போகவில்லை. போன் மேசையருகிலேயே நின்றுவிட்டாள். மெக்கானிக்குகளும் அங்கேயே இருந்தார்கள்.

"அந்தக் கதவுக்கு என்னதான் நோய்? யாராவது சொல்லுங்களேன்."

"சென்சார் நான்தான் மாத்தினேன், புத்தம் புது சென்சார்" என்றார் வானொலி. முதல் தடவையாக அவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

முனிவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கதவு ஓடுற பள்ளத்துல ஈரம் இருந்துச்சு. நான் போன அன்னைக்குத் துடைச்சுட்டு வந்தேன்."

போன்காரம்மா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "காலையிலதானே எப்பவும் போன் வருது அங்கேருந்து! சாயங்காலம் ஒரு தடவைகூட வந்ததில்லையே."

"காலையிலதான் தரை கழுவுவாங்க" என்றார் வானொலி மெதுவாக.

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. தரை கழுவுகிற தண்ணீர் பள்ளத்தில் இறங்கி, அழுக்கோடு சேர்ந்து கதவைப் பிடித்துக்கொள்கிறது. ஆளுக்கொரு துண்டாக விஷயம் எல்லோரிடமும் இருந்திருக்கிறது. இத்தனை திங்கட்கிழமைகள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தும் அது ஒன்று சேரவில்லை.

"ஈரம் இருந்ததை மீட்டிங்கில ஏன் சொல்லல நீங்க?" என்று முனிவரிடம் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அது அஜெண்டாவில இல்லீங்க மேடம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுத்த திங்கட்கிழமை மாடி அறை பூட்டியே கிடந்தது. போன் மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். நாற்காலி கிடையாது, படம் கிடையாது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எது முடியாம நிக்குது?" முடிந்ததைப் பற்றிப் பேச வேண்டாம் என்றாள். முதல் வாரம் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் பூட்டு வாயைத் திறந்து, லிப்ட் கயிறு வந்து சேரவில்லை என்றார். அதன் பிறகு மடை திறந்த கதைதான்.

வானொலியை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் அவள் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி, பேசுவதையெல்லாம் எழுதுகிற பொறுப்பை அவரிடமே கொடுத்தாள். மனிதருக்கு எழுதும்போது பேச வராது. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதுவார். "மேடத்துக்கு மூளையோ மூளை" என்று போன்காரம்மா பூட்டிடம் கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்தது. அந்த வருடம் வாங்கிய பாராட்டுக் கடிதத்தைவிட அதுதான் அவளுக்கு இனித்தது.

கால் வலிப்பதற்கு முன்பே மீட்டிங் முடிந்துவிடும். போன் அடித்தால் எல்லோரும் கப்சிப். போன்காரம்மா பேசி முடித்ததும் விட்ட இடத்தில் தொடங்குவார்கள். ஒரு வாரம் எதுவுமே தேங்கி நிற்கவில்லை. "இன்னைக்குப் பேச ஒண்ணுமில்ல, கிளம்புங்க" என்றாள். ஒருவரும் கிளம்பவில்லை. பூட்டு, கேட்காமலே ஸ்டோருக்குள்ளிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். அந்த ஸ்டோரிலிருந்து கேட்காமல் ஒரு பொருள் வெளியே வந்தது அன்றைக்குத்தான். வானொலி மருமகன் வீட்டுக் குழாய்க் கதையை முழுசாகச் சொன்னார், கேட்க வேண்டிய கதையாகத்தான் இருந்தது. முனிவர்கூடச் சிரித்தார். அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. ஊர் முழுக்க ஒரே நொடியில் மின்சாரம் போனது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. போன்காரம்மாவின் மேசையில் போன்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு அலறின. எங்கெங்கோ லிப்டுகள் அந்தரத்தில் நின்றன, உள்ளே ஆட்கள். மேலே மெஷின் ரூமுக்குப் போய், பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் ஒவ்வொன்றையும் இறக்க வேண்டும்.

யாரும் கூப்பிடாமலே எல்லோரும் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். வெளியே வேலையில் இருந்தவர்கள் போனில் இருந்தார்கள். வானொலி வெளியே இருந்ததால் பூட்டு சாக்பீஸை எடுத்தார். எந்தக் கட்டடம், யார் பக்கத்தில், யார் கையில் சாவி. வாக்கியம்கூட இல்லை, வெறும் வார்த்தைகள். போன்காரம்மா ஒரு கட்டடத்தின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் தடுக்கி, முனிவரைப் பார்த்தார்.

"அது... உங்க வீட்டம்மா வேலை பார்க்கிற ஆபீஸ்தானே?"

"ஆமா."

"உள்ள இருக்கிறவங்கள்ல அவங்களும் இருக்காங்களாம். மூச்சு முட்டுதுன்னு சொன்னாங்களாம்."

மேனேஜர், "நீங்க உடனே அங்க போங்க" என்று வாயெடுத்தாள். முனிவர் கையை உயர்த்தித் தடுத்தார். பையை ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தார்.

"நான் போய்ச் சேர நேரமாகும் மேடம். வானொலி அந்தத் தெருவுலயேதான் இருக்கார். அவர் போகட்டும்." பிறகு கரும்பலகையில் அடுத்த பெயரைக் காட்டி, "கண் ஆஸ்பத்திரிக்கு நான் போறேன். எனக்குத்தான் அது பக்கம்" என்றார்.

போனின் மறுமுனையில் வானொலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் ஓடிட்டேன்னு சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான். அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சின்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

முனிவர் ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோதே, அவர் மனைவி பத்திரமாகத் தரையில் கால் வைத்துவிட்டார். கனத்த உடம்போடு வானொலி மொட்டைமாடி வரை படியேறி, சக்கரத்தைச் சுற்றி இறக்கிவிட்டு, கீழே வந்து அந்த அம்மாவுக்குத் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாராம். சாயங்காலம் இருவரும் கிளைக்குத் திரும்பினார்கள். முனிவர் நேராக வானொலியிடம் போனார். என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் வானொலியின் பையை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வானொலி உட்கார்ந்தார். போன்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றார்.

அன்றைக்கு மேனேஜர் யாருக்கும் உத்தரவு போடவில்லை. அதை நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ முறை பெருமைப்பட்டிருக்கிறாள்.

நல்லது நிலைக்குமா? கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியது. கிளையைக் கலைத்து, ஆட்களைத் திசைக்கொருவராக அனுப்பினார்கள். அவளுக்குப் பதவி உயர்வு. வாழ்த்தியவர்களிடம் என்ன முகம் காட்டுவது என்று தெரியாமல் விழித்தாள். வீட்டுக்காரர் மட்டும் புரிந்துகொண்டு, "பாதி சம்பளம் குறைச்சுக்கிறேன், பழைய இடத்துக்கே விடுங்கன்னு கேளேன்" என்று கிண்டல் செய்தார். இடமே இல்லாதபோது எங்கே கேட்பது? கிளை இருந்த கட்டடத்தில் இப்போது கண்ணாடிக் கடை.

போன வாரம் போன்காரம்மா கூப்பிட்டிருந்தார். வேலையிலிருந்து நின்று நாளாகிறது, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"விஷயம் தெரியுமா? வானொலியும் முனிவரும் கூட்டா ஒரு கடை போட்டிருக்காங்க. மோட்டார் ரிப்பேர்."

"ரெண்டு பேருமா? சண்டை போடாம இருக்காங்களா?"

"போடாம என்ன? தினமும்தான் போடுறாங்க. முனிவர் இப்ப நல்லா பேசுறார் மேடம். வானொலிதான் பாவம், வாயத் திறக்க இடமே கிடைக்கிறதில்ல!"

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கடைக்கு ஒரு நாள் போவோமா?" என்று கேட்டாள்.

"எப்ப போலாம் சொல்லுங்க, நான் எப்பவும் ரெடி."

"இந்தச் சனிக்கிழமை."

திரையில் அடுத்த மீட்டிங்குக்கான முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அவள் போனை வைக்காமல், எந்த பஸ் பிடித்தால் சீக்கிரம் போகலாம் என்று போன்காரம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.