ராஜகம்பீரன் யாருடைய நாய்?

வைகுண்டராஜை அரசாங்கம் கௌரவ வன உயிரினக் காப்பாளராக நியமித்த மறுநாளே ராஜபாளையத்தில் அவர் வீட்டுக்கு மூன்று தையற்காரர்கள் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்கள். கௌரவப் பதவிக்குச் சம்பளமும் கிடையாது, சீருடையும் கிடையாது. சம்பளம் இல்லாததை அவர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார். சீருடை இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை. காக்கிச் சட்டை, ஒரு பக்கம் மடித்த தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ், தோளில் நட்சத்திரம் போலத் தெரியும் ஏதோ ஒன்று. யாராவது கேட்டால் அது பூ. கூடவே ஒரு ரப்பர் ஸ்டாம்பும் செய்துகொண்டார். அதில் பதவி பெரிய எழுத்திலும் அவர் பெயர் அதைவிடப் பெரிய எழுத்திலும் இருந்தன.

காட்டுக்கும் அவர் குடும்பத்துக்கும் தொடர்பில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவருடைய தாத்தா சுட்ட காட்டெருமையின் தலை இன்னும் கூடத்துச் சுவரிலிருந்து, வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருக்கிறது. நியமன உத்தரவு வந்த வாரம் அதன் கீழே 'வனம் காப்போம்' என்று ஒரு பலகை மாட்டினார்கள்.

உயிரோடு அவரிடம் இருந்த பெருமை ராஜகம்பீரன். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, பொன் நிறக் கண். அசல் ராஜபாளையம் நாய், ஏழு தலைமுறைக்குக் கலப்பில்லை என்ற சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில், ஓர் அங்குலம் உயரமாகவே தொங்கியது. கண்காட்சிகளில் அது வாங்கிய கோப்பைகளுக்கு இடம் போதாமல், மகன்கள் கல்லூரியில் வாங்கிய கோப்பைகளை மாடிக்கு ஏற்றியிருந்தார்கள்.

அக்டோபர் முதல் ஞாயிறு, வன உயிரின வாரம். காலை எட்டு மணிக்கு வைகுண்டராஜ் 'முதல் ஆய்வு' என்று சொல்லிக்கொண்டு கூமாப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்துச் செக்போஸ்டில் வந்து இறங்கினார். இரண்டு கார்கள். முதல் காரில் அவர், போட்டோகிராபர், ஆறு டப்பா பால்கோவா. இரண்டாவது காரில் ராஜகம்பீரன், தனியாக, ஏசியில்.

கேட்டில் இருந்தவர் பாண்டிதுரை. வேட்டைத் தடுப்புக் காவலர், பதினோரு வருடமாகத் தற்காலிகம். யானை விரட்டுவது, தீ அணைப்பது, அதிகாரிகளின் மாமியார்களை அருவிக்குக் கூட்டிப்போவது என்று அவர் செய்த வேலைகள் மட்டும் நிரந்தரம்.

"சார், நாயை உள்ள விடக் கூடாது சார்."

"ஏலே, நான் யாருன்னு தெரியுதா?"

பாண்டிதுரை தொப்பியைப் பார்த்தார், தோளில் இருந்த பூவைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். இம்புட்டுக் காக்கியை ஒரே ஆள்மேல் அவர் அதுவரை கண்டதில்லை. கை தானாக எழும்பி சல்யூட் அடித்துவிட்டது. சல்யூட் அடித்த கை அடுத்தபடியாகக் கேட்டைத்தான் திறக்கும்.

ஓடைக்கரையில் படப்பிடிப்பு நடந்தது. வைகுண்டராஜ் ஒரு காலைப் பாறைமேல் வைத்து, ஒரு கையால் மலையைச் சுட்டிக்காட்டினார். மலை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. மறு கையில் நாயின் சங்கிலி. "சங்கிலி இருந்தா வளர்ப்பு நாய் மாதிரி இருக்கு சார், கழற்றிட்டா கம்பீரமா இருக்கும்" என்றார் போட்டோகிராபர். கழற்றினார்கள்.

ராஜகம்பீரனுக்குச் சான்றிதழ் தெரியாது, கோப்பை தெரியாது. தன் ஏழு தலைமுறையும் எதற்காக வளர்க்கப்பட்டது என்பது மட்டும் தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளிமான் குட்டி நின்றது.

அந்தப் பகுதியின் வனக்காப்பாளர் தங்கபாய், ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பி, வெள்ளைச் சேலையோடு குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றிருந்தார். இருபது வருட சர்வீஸில் அவர் ஆராதனைக்குக் கிளம்பிய ஞாயிறுகளை எண்ணலாம். போய்ச் சேர்ந்தவற்றை விரல் விட்டே எண்ணலாம். மான்கள் கத்துவது கேட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்.

அவர் போனபோது ஆய்வு முடிந்து, கார்கள் இரண்டும் புழுதியாகிப் போயிருந்தன. குட்டி செத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் வெள்ளை நாய், வாயெல்லாம் ரத்தத்தோடு, யாராவது கோப்பை கொண்டு வருவார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

"யாரு நாய்லே இது?"

"வைகுண்டராஜ் சார் நாய்க்கா. கூப்பிட்டுப் பார்த்தாக, வரல. போட்டுட்டு ஓடிட்டாக."

"ரிஜிஸ்டர்ல எழுதினியா?"

பாண்டிதுரை தலையைச் சொறிந்தார். "சல்யூட் அடிச்ச கையில்லையாக்கா... எழுத வரல."

தங்கபாய் எழுதினார். இடம், நேரம், சாட்சி, குட்டியின் நீளம், பல் பதிந்த ஆழம். கால்நடை மருத்துவரை வரவழைத்துப் பரிசோதனை முடித்தார். பிறகு நாயைப் பறிமுதல் செய்தார். பறிமுதலான பொருளைச் சரக அலுவலக அறையில் பூட்டி வைப்பது வழக்கம். வலை, சுருக்குக் கம்பி, நாட்டுத் துப்பாக்கி எல்லாம் அங்கே பேசாமல் கிடக்கும். இது குரைத்தது. ஆகவே வழக்குச் சொத்து, தங்கபாயின் குவார்ட்டர்ஸ் முருங்கை மரத்தில் கட்டப்பட்டது. விதிப்படி எண் எழுதிய அட்டையைக் கழுத்தில் நூலால் கட்டினார். மாலைக்குள் அட்டையை அது தின்றுவிட்டது. இன்னொன்று கட்டினார்.

இரண்டு நாள் அது யார் சொல்லையும் கேட்கவில்லை. 'உட்காரு' என்றால் வானத்தைப் பார்த்தது. மூன்றாம் நாள் பாண்டிதுரை ஏதோ யோசித்து, "கூச்சோ" என்றார். உட்கார்ந்தது. "ரா" என்றார். வந்தது.

"அக்கா, இதுக்கு அவுக வீட்டுத் தெலுங்குதான்க்கா தெரியுது!"

"தயிர்சோறு எந்த பாஷைன்னு கேளு. ரெண்டு நாளா அதை மட்டும் புரிஞ்சுக்கிடுது."

புதன்கிழமை மத்தியானம் ரேஞ்சர் கூப்பிட்டு அனுப்பினார். ரேஞ்சர் தாமோதர் நல்ல மனிதர். அதை நிரூபிக்க ஒரு சந்தர்ப்பம் இன்னும் அமையவில்லை, அவ்வளவுதான். அவருக்கு எதிரே வைகுண்டராஜ் முழுச் சீருடையில் உட்கார்ந்திருந்தார். மாலை ஐந்து மணிக்கு ராஜபாளையத்தில் வன உயிரின வார நிறைவு விழா. அவர்தான் தலைமை, 'வாயில்லா ஜீவன்களும் நானும்' என்ற தலைப்பில் உரை. மேஜைமேல் பால்கோவா டப்பா திறந்திருந்தது.

தங்கபாய் நாயோடு உள்ளே வந்தார். நாய் வைகுண்டராஜைப் பார்த்து வாலை ஆட்டியது. வைகுண்டராஜ் ஜன்னலைப் பார்த்தார்.

"தங்கபாய், நான் யோசிச்சுப் பார்த்தேன்," என்றார் ரேஞ்சர். "இது தெருநாய். அப்படியே ரிப்போர்ட்டை மாத்தி எழுதிருங்க."

"தெருநாயா சார்? இது தெலுங்குலதான் கேக்குது."

"ராஜபாளையத்துல தெருநாய்க்கும் தெலுங்கு தெரியும்."

"சார் படம் எடுத்தாகளே?"

"கேமராவில கார்டே போடலையாம்," என்றார் வைகுண்டராஜ் ஜன்னலிடம்.

"சரி சார். தெருநாய் கேட்டைத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா, கேட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

ரேஞ்சர் ஒரு துண்டு பால்கோவாவை எடுத்து, திரும்ப வைத்தார். "கேட்டுல நின்ன காவலரை வேலையை விட்டு நிறுத்திருவோம். டெம்ப்ரவரிதானே. யாராவது ஒருத்தர் போகணும்லம்மா."

வாசல் கதவுக்கு அந்தப் பக்கம் பாண்டிதுரை நின்றிருந்தார். காதில் விழுந்திருக்க வேண்டும். அவருடைய செருப்புச் சத்தம் இரண்டடி பின்னால் போய் நின்றது.

"பதினோரு வருசம் சார். யானை மிதிச்சு ஆறு மாசம் படுத்துக் கிடந்த ஆளு. நான் எழுத மாட்டேன்."

"அப்ப அவருக்கு டிஸ்மிஸ்ஸோட உங்களுக்கும் ஒரு மெமோ. ரெண்டும் டைப் பண்ணி ரெடியா இருக்கு. சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் கோர்ட்டுக்குப் போகணும். நீங்க எழுதலைன்னா நான் வேற ஆளை வச்சு எழுதிக்கிடுவேன்."

தங்கபாய் நாயைப் பார்த்தார். நாய் வைகுண்டராஜைப் பார்த்தது. வைகுண்டராஜ் இப்போது தன் பூட்ஸைப் பார்த்தார்.

"வேற ஆளு எதுக்கு சார்? நானே எழுதுறேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தெருநாய்தான். ஆனா தெருநாய்னா நகராட்சிக்கு ஒப்படைக்கணும். அவிய பிடிச்சிட்டுப் போயி கருத்தடை பண்ணி, காதுல ஒரு வெட்டுப் போட்டு விட்டுருவாக."

வைகுண்டராஜ் முதல்முறையாகச் சிரித்தார். "அங்க நமக்கு ஆளு இருக்கு. ஒரு போன்ல முடிஞ்சிரும். நீங்க எழுதுங்கம்மா."

"எழுதுறேன் சார். கோர்ட்டுக்குப் போற காயிதம், அடையாளம் சுத்தமா இருக்கணும். எழுத எழுதப் படிக்கிறேன், தப்புன்னா சொல்லுங்க." தாளை வாகாக வைத்துக்கொண்டார். "இனம்: நாட்டுக் கலப்பு."

வைகுண்டராஜின் மீசையின் இடது பக்கம் மட்டும் துடித்தது.

"நிறம்: அழுக்கு வெள்ளை."

"அழுக்கா?"

"தெருவுல கிடக்கிறது சார், எப்படி இருக்கும்? காது: தொங்கல். வால்: கோணல்."

"அது கோணல் இல்லம்மா, அது வந்து... இந்த வகைக்கு நுனி லேசா வளையணும்." ரேஞ்சர் கனைத்தார். வைகுண்டராஜ் வாயை மூடினார்.

தங்கபாய் நாயின் முகத்தைத் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி நிதானமாகப் பார்த்தார். "மூக்கு: ரோஸ் நிறம். கறுப்பு இல்லை. சொறி வியாதியாக இருக்கலாம்."

"சொறியா!"

"சார், சார்," என்றார் ரேஞ்சர். "எழுதட்டும், விடுங்க. காயிதம்தானே."

"வயசு..." தங்கபாய் நாயின் உதட்டை விலக்கினார். "கிழடு. பொறவு, குறிப்பு: பார்வைக்கு வேட்டை நாய்போல் இருந்தாலும், தாய் அல்லது தகப்பன் யாரென்று தெரியாத—"

நாற்காலி பின்னால் விழுந்தது.

"ஏம்மா! யாருக்குத் தகப்பன் தெரியாது? இதுக்கு அப்பன் பேரு எனக்குத் தெரியும், அப்பனுக்கு அப்பன் பேரு தெரியும்! கிழடா? நாலு வயசு ரெண்டு மாசம்! ரோஸ் மூக்குதாம்மா அசலுக்கு அடையாளம்! நீ கறுப்பு மூக்கைத் தேடுற!"

"சார், அது தெருநாய் சார்," என்றார் ரேஞ்சர் கெஞ்சும் குரலில்.

"நீரும் வாயை மூடும்யா! ஏழு தலைமுறை! ஏழு!" போனை எடுத்து சான்றிதழின் படத்தை மேஜைமேல் தட்டினார். "படி! காதுக்குப் பின்னால சிப் இருக்கு, நம்பர் இருக்கு, படி!"

தங்கபாய் படித்தார். படித்தபடியே எழுதினார். கலப்பு என்பதை அடித்து, 'அசல் ராஜபாளையம்' என்று திருத்தினார். சொறியை அடித்தார். கிழடை அடித்து நாலு வயது இரண்டு மாதமாக்கினார். சிப் எண்ணைப் பதினைந்து இலக்கமும் சரிபார்த்துப் பதிந்தார். ஒவ்வொரு திருத்தத்தையும் வைகுண்டராஜ் தோளுக்குமேல் குனிந்து மேற்பார்வை பார்த்தார். இருபது வருடத்தில் குற்ற அறிக்கை எழுத இவ்வளவு ஒத்துழைப்பு தங்கபாய்க்கு யாரும் தந்ததில்லை.

"பேரு சார்?"

"ராஜகம்பீரன்."

நாய் எழுந்து வந்து அவர் பூட்ஸின்மேல் தலையை வைத்தது.

"உரிமையாளர்?"

ரேஞ்சர் எழுந்து வைகுண்டராஜின் காதருகில் போனார். "சார், இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா கேஸ் உங்க மேல வரும். பழையபடி கலப்புன்னே இருக்கட்டும். யாரு பார்க்கப் போறா?"

"யாரு பார்க்கப் போறாவா? கோர்ட்ல ரெக்கார்டு ஆகுமேய்யா! வக்கீல் படிப்பான், குமாஸ்தா படிப்பான், எதிர்த்த தெருக்காரன் நகல் வாங்கிப் படிப்பான். ராஜகம்பீரனுக்குச் சொறின்னு நாளைக்கு டீக்கடையில பேசுவான். எங்க தாத்தா படத்துக்கு முன்னால நான் எப்படி நிக்கிறது?"

பேனாவைப் பிடுங்கி, உரிமையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டும் மனம் ஆறவில்லை. பையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, வாயால் ஊதி, கையெழுத்தின் கீழ் ஓங்கிக் குத்தினார். குற்றம் சாட்டப்பட்டவர், கௌரவ வன உயிரினக் காப்பாளர் என்பது அரசாங்கத்துக்கே சந்தேகம் வராத அளவுக்குத் தெளிவாக விழுந்தது.

"நன்றிங்க சார்," என்றார் தங்கபாய். "கேட்டைத் திறக்கச் சொன்னது நீங்கதான்னு கீழ ஒரு வரி சேர்த்துக்கிடட்டுமா?"

"நான் சொல்லாம அவன் திறந்துருவானா? சேர்த்துக்கோ!"

தங்கபாய் சேர்த்துக்கொண்டு தாளை உறையில் போட்டார். வாசலில் நின்ற பாண்டிதுரையிடம் நீட்டி, "கோர்ட்டுக்கு நீயே கொண்டு போ. போறப்ப யாருக்கும் சல்யூட் அடிச்சிராத, காயிதம் கீழ விழுந்துரும்," என்றார்.

வைகுண்டராஜ் விழாவுக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய், வாயில்லா ஜீவன்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். கால்சட்டை முழுக்க வெள்ளை முடி ஒட்டியிருந்தது. கைதட்டல் பலமாக இருந்ததாகச் சொல்கிறார்கள்.

இரண்டு வாரத்தில் தங்கபாய்க்கு மாறுதல் உத்தரவு வந்தது. ஆலங்குளம் பக்கம், சுண்ணாம்புக்கல் குழிகளுக்கு நடுவே ஒரு நாற்றங்கால். காடு என்று சொல்ல நாற்பது வேப்பங்கன்றுகள். உத்தரவை நீட்டும்போது ரேஞ்சர் கொஞ்சம் வருத்தப்பட்டார். அதற்கும் மேலிடத்தில் அனுமதி வாங்கியிருக்கலாம்.

"அங்க கேட்டு இருக்கா சார்?" என்று கேட்டார் தங்கபாய்.

"இருக்கும்மா. ஆடு வராம இருக்க."

"அப்ப போதும் சார். ஆட்டுக்கும் உரிமையாளர் இருப்பாருல்ல."

பாண்டிதுரை அதே கேட்டில்தான் நிற்கிறார். இன்னும் தற்காலிகம். போன வாரம் ரேஞ்சரின் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அவர் எழுந்தார். கை பாதி தூரம் மேலே போனது. போன கை அப்படியே திரும்பி, மேஜைமேல் இருந்த ரிஜிஸ்டரை எடுத்தது.

"ஐயா, வண்டியில நாய் உண்டா?"

"யோவ், என்னையத் தெரியலையா? நான் ரேஞ்சர்யா!"

"தெரியுதுங்கய்யா." ஜன்னல் வழியாக ரிஜிஸ்டரையும் பேனாவையும் உள்ளே நீட்டினார். "நாய் உண்டா, இல்லையான்னு எழுதி ஒரு கையெழுத்து. கேட்டு பொறவு திறக்கும்."

ரேஞ்சர் பேனாவை வாங்கினார். பிறகு எழுதினார்: இல்லை.