வெறும் நெற்றி

பெங்களூருக்குப் புடவை கொண்டுபோன ஆதிகேசவன் திரும்பி வராமல், அறுபத்தொன்பதாம் வருஷத்தோடு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. புடவைகள் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆளைத்தான் காணோம்.

சின்ன காஞ்சிபுரத்தில் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்த அவன் மனைவி கிருஷ்ணவேணி தேடாத இடமில்லை. இரண்டு முறை பெங்களூருக்கே போய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்தாள். திருப்புட்குழிப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டு கௌஸ் பாஷாவின் மனைவி தாஹிரா தர்காவிலிருந்து வாங்கி வந்த கயிற்றையும் கட்டிக்கொண்டாள். 'அவனைப் போல ஒருத்தனைப் பார்த்தேன்' என்று யாராவது சொன்னால் போதும், அன்றைக்கே கிளம்பிவிடுவாள். முப்பத்தெட்டு வயசுக்குள் நடை தளர்ந்துவிட்டது.

அப்படி ஆற்காடு வரை போய் ஏமாந்து திரும்பிய ஒரு மத்தியானம், வீடுவரை நடக்கத் தெம்பில்லாமல் வழியிலிருந்த சர்ச் படியில் உட்கார்ந்தாள். உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த கமலவேணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இவள் வயசுக்காரிதான், நெசவுக்கார வீட்டிலிருந்து கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவள். கதை முழுவதையும் கேட்டாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"இவ்ளோத்தையும் நீ ஒருத்தியே தூக்கிக்கினு அலையிறியாமா?" என்று மட்டும் கேட்டாள்.

கிருஷ்ணவேணி வெகுநேரம் அழுதாள்.

அடுத்த வாரமும் போனாள். புருஷனைத் திருப்பித் தரும்படி ஏசுவிடம் கேட்கத்தான் போனாள். கேட்டுக் கேட்டு, ஒரு நாள் கேட்கவும் சக்தியில்லாமல் போயிற்று. "என்னால ஆவல, சாமி. அவரையும் என்னையும் நீயே பாத்துக்கோ" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, உலைகூட வைக்காமல் பாயில் விழுந்து தூங்கினாள்.

ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தபோதுதான் சிக்கல் வந்தது. அந்தச் சபையில் பெண்கள் பொட்டு வைப்பதில்லை என்றார் போதகர். மூன்று மாசம் தள்ளிப் போட்டாள். ஆதிகேசவன் இருக்கிறானா என்று ஊர் கேட்டபோதெல்லாம் அந்தக் குங்குமம்தான் பதில் சொல்லியிருந்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில் கிணற்றடியில் முகம் கழுவியவள், அதைத் திரும்ப வைத்துக்கொள்ளவில்லை.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் அங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்டி, எம்புள்ள செத்துப்பூட்டான்னு முடிவே கட்டிட்டியா?"

"இல்ல அத்தே. இருக்காரா இல்லியான்னு எனக்குத் தெரியாது. இந்தப் பொட்ட வச்சி நாந்தான் அவர உசுரோட புடிச்சி வச்சிருக்கேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். என்னால முடியல. விட்டுட்டேன்."

அங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். மத்தியானத்துக்குள் சொந்தக்காரப் பெண்கள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். மாமியாரைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். யாரும் சாகவில்லை என்று சொல்லிப் பார்த்தாள் கிருஷ்ணவேணி. யாரும் கேட்கவில்லை. தொண்டை வறண்டவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் ஞானஸ்நானம் முடிந்து ஈரத் தலையோடு வந்தவளைத் தெரு பார்க்காததுபோல் பார்த்தது. மனசு பொங்கும் என்று நினைத்திருந்தாள். பொங்கவில்லை. பெரிய அசதி ஒன்றுதான் இருந்தது. ஆனால் அந்த அசதியில் பயம் இல்லை என்பதைக் கவனித்தாள்.

அங்கம்மாள் இரண்டு மாசம் பேசவில்லை. மருமகள் போட்ட சோற்றைச் சுவரைப் பார்த்துத் தின்றாள். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு படுத்தபோது, கிருஷ்ணவேணிதான் கஞ்சி ஊட்டினாள். நாலாம் நாள் கிழவி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன் சாமி எம்புள்ளைய எங்க வச்சிருக்காரு?"

"சொல்லலியே அத்தே."

"தெரியாம எப்பிடிம்மா இருக்கிற?"

"கஷ்டமாத்தான் இருக்குது" என்றாள் கிருஷ்ணவேணி. "வாயத் தொற. ஆறிப்போவுது."