மாப்பிள்ளை பேர் வெச்ச புழு

எனக்குக் கோபம் சட்டுனு வரும். புழுன்னு சொன்னதும் மூக்கைப் பொத்துறவங்களைக் கண்டா இன்னும் வரும். கடல் சுணைப்புழுவுக்கு நாத்தமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உடம்பு வளையம் வளையமா இருக்கும். ஒவ்வொரு வளையத்துலயும் ரெண்டு பக்கமும் கொத்துக் கொத்தா முள்ளுமுடி மாதிரி சுணை. அந்தச் சுணையோட வடிவத்தை மைக்ராஸ்கோப்புல பாத்து, இது எந்த இனம், இதுக்கு முன்னாடியே யாராவது பேர் வெச்சிருக்காங்களான்னு சொல்றதுதான் என் பிழைப்பு.

எங்க ஆய்வுக்கூடத்துக்காகக் கடல்ல முங்கிப் புழு எடுத்துட்டு வந்தவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுவேன். ஒருநாள் நல்ல ஆழத்துல, ஒரு பாறைச் சரிவுகிட்ட நீந்திட்டிருந்த புழு ஒண்ணைக் குப்பியில பிடிச்சுட்டு வந்தார். பெரிய பெரிய கண்ணு, பின்பாதி உடம்புல துடுப்பு மாதிரி தட்டைச் சுணை. இருக்கிற புத்தகத்தையெல்லாம் புரட்டிட்டேன், எதுலயும் இல்லை. புது இனம்!

"அக்கா, என் பேரை வெச்சுத் தொலைச்சுடாதீங்க. அப்புறம் என் பொண்டாட்டியே என்னைப் புழுன்னு கூப்பிடுவா"ன்னு சிரிச்சார்.

ஆய்வுப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி அனுப்பினேன். ஒத்தைப் புழுவை நம்பிப் புது இனம்னு சொல்ல முடியாது, இன்னொண்ணு வேணும்னு பத்திரிகைக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. விட்டுத் தள்ளுங்க மாப்பிள்ளைன்னேன். கேட்டாத்தானே? "இதோ பிடிச்சுட்டு வந்துடறேன்"னு திரும்பத் திரும்ப அந்தச் சரிவுக்கே போனார். கடைசித் தடவை மத்தவங்கதான் அவரைத் தூக்கிட்டு வந்தாங்க. பாறை இடுக்குல விட்ட கை மாட்டிக்கிச்சு, முதுகுல இருந்த சிலிண்டர்ல காத்து தீந்துடுச்சு. இடுப்புல கட்டியிருந்த குப்பி காலியா இருந்துச்சு.

அப்புறம் அதே பத்திரிகைக்காரங்க மனசு இளகி, ஒத்தைப் புழுவையே ஏத்துக்கிட்டாங்க. மாப்பிள்ளை பேருக்கு லத்தீன் வால் ஒட்டி அதுக்கு வெச்சேன். படுத்த படுக்கையா கிடந்த தங்கச்சி அந்தப் பேரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்து உக்காந்தா. கூடத்துல கல்யாணப் போட்டோ பக்கத்துலயே புழுப் படத்தை மாட்டினா. வர்ற சொந்தக்காரங்க முகத்தைச் சுளிச்சா, "உங்க பேரெல்லாம் கரண்டு பில்லோட சரி. அவர் பேர் உலகம் இருக்கிற வரைக்கும் இருக்கும்"பா. வருஷா வருஷம் அவர் போன நாள்ல இங்க ஆய்வுக்கூடத்துக்கு வந்து, ஸ்பிரிட்டுல வெளுத்துக் கிடக்கிற அந்தப் புழுவைக் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போவா.

இந்த வருஷம் அந்த நாளுக்குக் கொஞ்சம் முன்னாடி, கரையோரப் புழுக்களைப் பத்தி ஒரு கையேடு எழுத உக்காந்தேன். பாத்து வரையறதுக்காக, தூண்டில் சாமான் விக்கிற கடையில ஒரு டப்பா புழு வாங்கிச் சேத்தோட கண்ணாடித் தொட்டியில போட்டேன். கரையில சேத்தைக் கிளறினாலே கை நிறைய வர்ற சாதாரணப் புழு.

அதுல ஒண்ணு மாற ஆரம்பிச்சுது. தீனி எடுக்கலை. கண்ணு வீங்கிச்சு. பழைய சுணை உதிந்து, பின்பாதியில தட்டைத் துடுப்பு முளைச்சுது. சில புழுக்கள் முட்டை போடுற காலத்துல இப்படி உருமாறி, சேத்தை விட்டு நீந்தக் கிளம்பும்ங்கிறது எங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. அப்படி மாறினதை வேற இனம்னு நெனச்சுப் பேர் வெச்ச பழைய ஆளுங்களைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருக்கோம். ஆனா இந்தத் தூண்டில் புழு மாறும்னு எவனும் எழுதி வைக்கலையே, பாவிங்க! மாப்பிள்ளை புழு இருந்த குப்பியைக் கொண்டு வந்து பக்கத்துல வெச்சுப் பாத்தேன். அதே கண்ணு, அதே சுணை.

அன்னைக்கு மாப்பிள்ளை போன நாள். அந்த நேரம் பாத்துத்தான் தங்கச்சி வந்து நின்னா.

"அக்கா! இது அவர் புழுதானே? உயிரோடவா?" தொட்டிக் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டா. அவ சிரிச்சு எவ்வளவு காலமாச்சு. "எப்படி நீந்துது பாரேன்! யாரு பிடிச்சது? அந்தப் பாறையிலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரலை. நாங்க பாத்துட்டு இருக்கும்போதே புழுவோட உடம்பு வெடிச்சு, தண்ணி முழுக்க முட்டையா கலங்கிச்சு. வெறும் தோல் அடியில போய் விழுந்துச்சு.

"ஐயோ, என்னாச்சுக்கா?"

"முட்டை போட்டா அவ்வளவுதான்டி. செத்துடும்."

அப்படியே மீதியையும் சொல்லிட்டேன். மாப்பிள்ளை பிடிச்சது, முட்டை போடக் கரையை விட்டு நீந்திப் போன தூண்டில் புழு. அந்தப் பாறைக்குள்ள அதுக்குக் குடியிருப்பே கிடையாது. அவர் பேர் போயிடுமேன்னு அழுவா, என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவா, வெளியில சொல்லாதேன்னு கெஞ்சுவான்னு நெனச்சேன். அவ தொட்டியையே பாத்துட்டிருந்தா.

"கரைச் சேத்துல கிடைக்குமா?"

"கிடைக்கும்."

"முங்கவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"கடையில போய்க் கேட்டாலே குடுப்பானா?"

தலையை ஆட்டினேன்.

அவ நாற்காலியில உக்காந்தா. "அவர் பேரை அதுலேருந்து எடுத்துடுக்கா. எனக்கு வேண்டாம்"னா.

"தூண்டில் புழுவோட பழைய பேர்தான் சரின்னு எழுதிடுவேன். ஆனா..."

"ஆனா என்ன?"

"அச்சுல ஏறின பேரை அழிக்க முடியாதுடி. சரியான பேருக்குக் கீழே, தப்பா வெச்ச பேர்னு அவர் பேரும் நிக்கும். நாளைக்கு எவனாவது இந்தத் தூண்டில் புழுவைப் பத்தி எழுதினாலும் அதையும் சேத்து எழுதுவான்."

"எத்தனை காலத்துக்கு?"

அவ சொந்தக்காரங்ககிட்ட சொல்ற பதில்தான் அதுக்கும் பதில். "எப்பவும்தான்"னேன்.

அவ பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா. மேஜை மேல இருந்த குப்பியை அன்னைக்கு அவ பாக்கலை.