அப்பாவுக்குச் செங்கல் நிறம்

குளிர் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே வீட்டில் எல்லோருக்கும் துணி வெட்டி வைத்துவிடுவாள் அவள். ஊருக்கே தைத்துக் கொடுக்கிறவள் சொந்த வீட்டுக்குக் கடையில் வாங்கினால் நாலு பேர் சிரிக்கமாட்டார்களா? அப்பாவுக்கு எப்போதும் சாம்பல் நிறம்தான். கோட்டு, கால்சட்டை, மஃப்ளர் எல்லாமே. அழுக்குத் தெரியாது பாருங்கள். அம்மா போனபின் பதினோரு வருஷமாக அவளோடு இருக்கிறார். கொடுத்ததைப் போட்டுக்கொள்கிற மனுஷர்.

அப்பேர்ப்பட்டவர் இந்தத் தடவை வெட்டுமேசை முன்னால் வந்து நின்று, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நாலு துணித்துண்டுகள் அதில் குத்தியிருந்தன.

"கோட்டுக்கு இந்த நீலக் கம்பளி. உள்பக்கம் லைனிங் செங்கல் கலர். சட்டைக்கு இந்தக் கட்டம் போட்டது. ஸ்வெட்டர் மாம்பழ மஞ்சள். எதை எதோட போட்டாலும் சேரும்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா வாயில் லைனிங்கா? துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டு. நூல் பிரியாதிருக்க ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டியது. கடைக்காரனுக்கு அந்தப் பொறுமை ஏது? தைக்கிற கை வெட்டியதுதான் இது. அவளுடைய கத்தரியோ அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

"யார் குடுத்தா?"

"நானே பார்த்து எடுத்தேன்," என்றார். காது மட்டும் சிவந்துபோயிற்று.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலு மணிக்கு நூலகத்துக்குப் போகிறவருக்குத் தலை எதற்கு இத்தனை படிய வாரியிருக்க வேண்டும்? அறுந்து தொங்கிய சட்டைப் பொத்தானை யார் தைத்தது? உற்றுப் பார்த்தாள். அடியில் நூலைச் சுற்றி, முடிச்சுத் தெரியாமல் தைத்திருந்தது. அவளாலேயே குறை சொல்ல முடியவில்லை.

"பெரியவர் ஒரு மஞ்சள் ஸ்வெட்டருக்கு ஆசைப்பட்டா, நீ போலீஸ் வேலை பாக்குறியே," என்றான் புருஷன்.

"உங்களுக்கென்ன. யாரோ ஒருத்தி அப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டா அப்புறம் தெரியும்."

நீலம் கடையில் இல்லை, சாம்பல்தான் இருக்கிறது என்று அப்பாவிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். அவர் தலையாட்டினார். மறுநாள் மூன்று மீட்டர் நீலக் கம்பளி மேசைமேல் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரத்துணி போட்டு, தைத்தபின் சுருங்காதிருக்க இப்போதே ஆவியில் சுருக்கி, வெட்டுவதற்குத் தயாராக்கி அனுப்பியிருக்கிறாள், மகராசி.

"யாருப்பா அவங்க?"

அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நூலகத்துக்கு எதிர்ல கிழிசல் தைக்கிற கடை வச்சிருக்காங்க. தனியா இருக்காங்க."

"என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்னு உங்க பொண்ணு எப்பவாவது கேட்டிருக்காளான்னு."

சுருக்கென்றது. பதினோரு வருஷத்தில் அளவெடுக்க மட்டும்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. முகம் தெரியாத அந்தப் பெண்மேல் ஆத்திரமும் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"சரி, இப்ப கேக்குறேன். உங்களுக்கு என்ன கலர்ப்பா பிடிக்கும்?"

அப்பா துண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இரும்மா. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."